மணி வாடகை

நாகல் நகரில் ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். 11 சைக்கிள்கள், ஒரு சுவர்க்கடிகாரம், நீளவாக்கில் தைத்த ஒரு கணக்கு நோட்டு. ஒவ்வொரு சைக்கிளின் பின் மட்கார்டிலும் வெள்ளைப் பெயிண்டில் எண் எழுதியிருக்கும். நோட்டில் நாலு பத்தி: எண், ஆள், புறப்பாடு, வரவு. மணிக்கு 25 காசு. ஐந்து நிமிடம் முன்னே பின்னே ஆனால் அப்பா கண்டுகொள்ள மாட்டார். ஆறாவது நிமிடம் அரை மணி வாடகை கூடிவிடும். தெரிந்த வீட்டுப் பிள்ளை என்றால் அப்படியே எடுத்துப் போகலாம். தெரியாத ஆளுக்கு யாராவது ஜாமீன் சொல்ல வேண்டும்.

அந்த நோட்டுகளில் மூன்று இன்னும் என்னிடம் இருக்கின்றன. 1974, 1975, 1977. இடையில் ஒன்று கரையானுக்குப் போயிற்று. திண்டுக்கல்லில் சைக்கிள் வேகத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தால் இந்த நோட்டுகளில்தான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். இந்த ஊரின் பூட்டைப் பற்றி, சுருட்டைப் பற்றி, தோல் ஷாப்புகளைப் பற்றி, மலைக்கோட்டையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். இங்கே யார், எந்தச் சாலையில், எவ்வளவு வேகமாக மிதித்தார்கள் என்று எழுதி நான் பார்த்ததில்லை. அப்பா எழுதினார். வாடகைக்காகத்தான் எழுதினார். ஆனாலும் நிமிடம் தப்பாமல் எழுதினார்.

கையில் 25 காசு இருக்கிற பையனுக்கு ஒரே கேள்விதான்: இந்த ஒரு மணிக்குள் எவ்வளவு தூரம் போய்த் திரும்பலாம்? முதலில் தெரு முனை வரை. குரங்குப் பெடலில், பாருக்கு அடியில் காலை விட்டு, ஒரு கையால் சீட்டைக் கட்டிக்கொண்டு. பிறகு அரைப் பெடல். பிறகு பாருக்கு மேல் ஏறி உட்கார்ந்து, கால் எட்டாமல் இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துச் சாய்த்து மிதிப்பது. ராசி அழகப்பனின் சிறுகதையிலிருந்து வந்த ‘குரங்கு பெடல்’ படத்தை 2024இல் பார்த்தபோது, தியேட்டரில் எனக்குப் பக்கத்தில் இருந்த அறுபது வயதுக்காரர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எல்லாருக்கும் ஒரு வாடகைக் கடை ஞாபகம் இருந்தது. எல்லாருக்கும் அந்தக் கடையின் கடிகாரம் ஞாபகம் இருந்தது.

பாரிஸ் நகரத்திலும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். 1893 மே 11 அன்று பஃபலோ என்ற வட்ட ஓடுதளத்தில் ஆன்றி தெக்ராஞ்ச் என்பவர் ஒரு மணி நேரம் இடைவிடாமல் மிதித்தார். 35 கிலோமீட்டர் 325 மீட்டர். வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர் அவர். பின்னாளில் பத்திரிகை ஆசிரியராகி, 1903இல் டூர் டி பிரான்ஸ் போட்டியைத் தொடங்கியவரும் அவரே. அந்த ஒரு மணிச் சாதனையை உடைக்க அன்றிலிருந்து இன்றுவரை உலகத்தின் பெரிய வீரர்களெல்லாம் முயன்று வருகிறார்கள். 1942இல், போர் நடந்துகொண்டிருந்தபோது, மிலான் நகரில் ஃபாஸ்டோ கோப்பி அதை 45 கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோனார். 1972இல் மெக்சிகோ நகரில் எடி மெர்க்ஸ் 49.431. 2022இல் சுவிட்சர்லாந்தில் ஃபிலிப்போ கன்னா 56.792. எதிரில் யாரும் கிடையாது. கடிகாரம்தான் எதிராளி. எங்கள் கடைக்கு வந்த பையன்களுக்கும் அப்படித்தான்.

1974இல் என் அண்ணனுக்கு 17 வயது. கடையில் வேலை முடிந்து, சாயங்காலம் ஆள் வராத நேரத்தில், 7ஆம் எண் சைக்கிளை எடுப்பார். மதுரை ரோட்டில் காந்திகிராமம் வாசல் வரை போய்த் திரும்புவார். போக வர 24 கிலோமீட்டர் இருக்கும். அப்பா மகன் என்று பார்க்காமல் அதையும் நோட்டில் எழுதுவார். அந்த வரிகளுக்குப் பக்கத்தில் மட்டும் அண்ணன் பென்சிலில் ‘கா’ என்று ஓர் எழுத்துப் போட்டு வைத்திருக்கிறார். முதல் ‘கா’ 1974 பிப்ரவரியில் இருக்கிறது. எண் 7. புறப்பாடு 4.10. வரவு 5.08. 58 நிமிடம்.

7ஆம் எண் ஒரு ஹெர்குலிஸ். சென்னை அம்பத்தூரில் முருகப்பா குழுமத்தாரும் இங்கிலாந்துக்காரர்களும் சேர்ந்து 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் தயாரிப்பு. அதற்கு முன் தலைமுறையில் கப்பலில் வந்த ராலே, ஹம்பர், ரட்ஜ் என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு விவரம் தெரிந்தபோது ஊரில் ஓடியதெல்லாம் பெரும்பாலும் அம்பத்தூர் சைக்கிள், லூதியானா சைக்கிள், சோனிபட் சைக்கிள்தான். கனமான இரும்புச் சட்டம், 28 அங்குலச் சக்கரம், ராடு பிரேக், கேரியர், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்து 20 கிலோவுக்குக் குறையாது. அதை வைத்துக்கொண்டு மணிக்கு 25 கிலோமீட்டர் போவதென்றால் அது சின்ன விஷயம் கிடையாது. செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அண்ணனுக்குப் பயிற்சியாளர் இல்லை, புத்தகமும் இல்லை. சாலையோரத்துத் தந்திக் கம்பங்கள்தான் இருந்தன. மூன்று கம்பம் உயிரைக் கொடுத்து மிதிப்பது, அடுத்த மூன்று கம்பம் மூச்சு வாங்கிக்கொண்டு போவது, திரும்ப மூன்று கம்பம். வாரத்தில் இரண்டு நாள் இப்படி. ஒரு நாள் கடிகாரத்தோடு முழு வேகம். மற்ற நாள்களில் கடை வேலை. ஐரோப்பாவில் ஓட்டக்காரர்களுக்கு இடைவெளிப் பயிற்சி என்று 1930களிலேயே வகுத்துக் கொடுத்திருந்தார்கள் என்பதை நான் பின்னாளில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அண்ணனுக்கு அதைக் கற்றுத் தந்தது தபால் தந்தி இலாகாவின் கம்பங்கள். மதுரை ரோட்டின் இரண்டு பக்கமும் அப்போது புளிய மரங்கள் கவிந்திருக்கும். நிழலுக்கு நிழல் தாவுவது போல் அவர் போவதைச் சின்னாளப்பட்டிக்கு நூல் மூட்டை ஏற்றிப் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள்.

சைக்கிளையும் அவர் விடவில்லை. செயின் கவர், கேரியர், ஸ்டாண்டு, பெல் எல்லாவற்றையும் கழற்றினார். ஹேண்டில்பாரை எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கி, அதற்கேற்ப பிரேக் ராடைச் சரிசெய்து, சீட்டை உயர்த்தினார். இரண்டு சக்கரத்துக்கும் கோட்டம் எடுத்தார். கோனைப் பிரித்து, பால்ரஸ்ஸை மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸ் வைத்தார். பெடலைக் கையால் சுற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்பார். அப்போதும் ‘டக்... டக்...’ என்று ஒரு சத்தம் கேட்டது.

அந்தச் சத்தத்தைத் தீர்த்தவர் எங்கள் தாய்மாமா. மாமா பூட்டுத் தொழிலாளி. திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டுக்கு நெம்புகோலை அராவி உட்கார வைப்பதில் கைதேர்ந்தவர். அண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் அவர் பட்டறை வாசலில் நிறுத்தினார். மாமா கிராங்கை ஒரு கையால் பிடித்து அசைத்துப் பார்த்தார்.

“காட்டர் பின்னு சரியா ஒக்காரலடா. ஒரு கிராங்கு நேரா இருக்கு, ஒண்ணு அரிசி அளவு பின்வாங்கி நிக்குது. பெடலு நொண்டுது.”

“புதுப் பின்னுதான் மாமா போட்டேன்.”

“புதுசுன்னா? கடையில வாங்குன பின்னு உன் கிராங்குக்குன்னா பொறந்துச்சு? அராவித்தான் போடணும்.”

இரண்டு பின்னையும் தட்டி எடுத்தார். வைஸில் கடித்து வைத்து, நைஸ் அரத்தால் சரிவுப் பக்கத்தை மூன்று இழுப்பு இழுத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இன்னும் ஒரு இழுப்பு. கிராங்கில் செருகினார், எடுத்தார். பின்னின் முகத்தில் எங்கே உரசி மினுங்குகிறது என்று பார்த்து அந்த இடத்தை மட்டும் அராவினார். பூட்டுக்குச் சாவி வெட்டுகிற அதே முறை. நாலாவது தடவை செருகியபோது பின் முழு முகத்தோடும் உட்கார்ந்தது. மரக்கட்டையை அணை கொடுத்து, சுத்தியலால் ஒரே அடி. நட்டை முறுக்கிவிட்டுப் பெடலைச் சுற்றினார். சத்தம் இல்லை. இரண்டு கிராங்கும் ஒரே கோட்டில் நின்றன. கூலி கேட்டதற்கு, “ஒரு மணிக்குள்ள வந்துட்டேன்னா வந்து சொல்லு, அது போதும்” என்றார்.

அடுத்தது ப்ரீவீல். முன்னால் 48 பல், பின்னால் 18 பல் என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் இரண்டே முக்காலுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றும். ஏறக்குறைய 5.9 மீட்டர் நகரும். பின்னால் 16 பல் போட்டால் சக்கரம் சரியாக மூன்று சுற்று, 6.6 மீட்டர். அண்ணன் மதுரைக்குப் போய் 16 பல் வாங்கி வந்தார். நிமிடத்துக்கு 70 மிதி மிதித்தால் பழைய பல்லில் மணிக்கு 25 கிலோமீட்டர். புதிய பல்லில் 28 வரும். ஆனால் அந்த மூன்று கிலோமீட்டரை யாரும் சும்மா தருவதில்லை. முழங்கால் கேட்கும், தொடை கேட்கும். முதல் இரண்டு வாரம் அவருடைய நேரம் கூடத்தான் செய்தது. 61, 60, 60 என்று நோட்டில் இருக்கிறது. அப்பா அந்த 61க்கு வாடகை கூட்டவில்லை. ஐந்து நிமிடச் சலுகைக்குள் வந்துவிட்டது.

ஒரு தடவை பழைய டியூபை நாடாவாக அறுத்து, செருப்பைப் பெடல் கட்டையோடு கட்டிக்கொண்டு போனார். கால் மேலே வரும்போதும் இழுத்து மிதிக்கலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டுச் செய்தது. அம்பாத்துரைப் பக்கம் குறுக்கே ஆடு வந்துவிட்டது. காலை எடுக்க முடியவில்லை. முழங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. வெளிநாட்டு வீரர்கள் அப்போது தோல் வாரும் உலோகக் கொக்கியும் வைத்துக் காலைக் கட்டிக்கொண்டுதான் ஓட்டினார்கள். கையால் சட்டென்று தளர்த்திவிடக்கூடிய வார் அது. எங்களுக்கு அந்தத் தளர்கிற பகுதி தெரியாமல் போயிற்று.

திண்டுக்கல் சமவெளியில் வேகம் பழகுகிறவன் காற்றிடம்தான் பாடம் படிக்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வருகிற காற்று ஆனி, ஆடியில் ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து முகத்தில் அறையும். பழனி ரோட்டில் ரெட்டியார்சத்திரம் நோக்கிப் போனால் சமதரையே மலை ஏற்றம் போல் ஆகிவிடும். எருக்கஞ்செடியெல்லாம் கிழக்கே சாய்ந்து கிடக்கும். காற்றின் கணக்கு கொடூரமானது. வேகத்தை இரண்டு மடங்காக்க, காற்றைப் பிளப்பதற்கு எட்டு மடங்கு திறன் வேண்டும். அதனால்தான் 15இலிருந்து 20க்குப் போவது எளிதாகவும், 25இலிருந்து 30க்குப் போவது உயிர்போகிற வேலையாகவும் இருக்கிறது.

போகும்போது எதிர்க்காற்று என்றாலும் திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ளும், கணக்கு நேராகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. போகையில் மணிக்கு 16 கிலோமீட்டர், வருகையில் 32 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 24 வராது; 21தான் வரும். ஏனென்றால் எதிர்க்காற்றில் செலவாகிற நேரம் அதிகம். வட்ட ஓடுதளத்தை ஏன் சுவர் வைத்து, கூரை போட்டுக் கட்டுகிறார்கள் என்பது எனக்கு இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் விளங்கியது. ஆனால் ஆடிக் காற்றில் ஒரு மாதம் ரெட்டியார்சத்திரம் போய் வந்தவனுக்கு ஆவணியில் காந்திகிராமம் ரோடு இறக்கம் மாதிரி இருக்கும். அண்ணனுடைய நல்ல நேரங்களெல்லாம் ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும்தான் இருக்கின்றன.

வேகத்தின் வரலாற்றில் வேகமே இல்லாத ஒரு சைக்கிள்காரருக்கும் இடம் உண்டு. ஊர்ப் பொட்டலில் கம்பம் நட்டு, டியூப்லைட் கட்டி, ரேடியோ செட் வைத்து, ஏழு நாள் இறங்காமல் சைக்கிள் சுற்றுகிறவர். தமிழ்நாட்டுக் கிராமங்களில் அந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் என் வயதில் குறைவு. சாப்பாடு சைக்கிளில், குளியல் சைக்கிளில், சவரம் சைக்கிளில். ராத்திரியில் ரெக்கார்டு டான்ஸ் நடக்கும். மார்பில் டியூப்லைட் உடைப்பது, தலைமுடியில் கயிறு கட்டி வண்டி இழுப்பது என்று வித்தைகள் நடக்கும். ஜனங்கள் அவர் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்துவார்கள். கடைசி நாள் ஊர்ப் பெரியவர் மாலை போட்டு இறக்கிவிடுவார். 1977இல் எங்கள் பக்கத்துப் பொட்டலில் ஒருவர் சுற்றினார். ராத்திரி ரெண்டு மணிக்குத் திருட்டுத்தனமாக இறங்குகிறாரா என்று பார்க்க நாங்கள் பையன்கள் முறை வைத்துக் கண்விழித்தோம். இறங்கவில்லை.

இதை வெறும் பிழைப்பு வித்தை என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 1890களில் ஆறு நாள் பந்தயம் என்று நடத்தினார்கள். தூக்கமில்லாமல் சுற்றிச் சுற்றி, புத்தி பேதலிக்கிற அளவுக்கு ஓட்டினார்கள். ஒருவர் நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்று சட்டம் வந்த பிறகு, இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டுவதாக அது மாறியது. அந்த இருவர் பந்தயம்தான் இன்று மேடிசன் என்ற பெயரில் ஒலிம்பிக்கில் இருக்கிறது. அங்கே சட்டம் வந்தது, பெயர் வந்தது, பதக்கம் வந்தது. இங்கே சுற்றியவர்களின் பெயர்கூட எந்தப் பதிவிலும் ஏறவில்லை. எங்கள் பக்கத்துப் பொட்டலில் சுற்றியவரோடு அண்ணன் சைக்கிளில் கூடவே சுற்றிக்கொண்டு பேசியிருக்கிறார். அவர் சொன்னது இதுதான்: “ஆரம்பத்துல காலு நல்லா இருக்கேன்னு இழுத்து மிதிக்காத தம்பி. அது கடன். ராத்திரி வட்டியோட கேக்கும்.”

ஒரு மணி ஓட்டத்துக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. மெக்சிகோவில் எடி மெர்க்ஸ் முதல் 10 கிலோமீட்டருக்கும் 20 கிலோமீட்டருக்கும் தனிச் சாதனைகளையே உடைக்கிற வேகத்தில் தொடங்கினார். நடுவில் அதற்கு வட்டி கட்டினார். சாதனை கிடைத்தது, ஆனால் தன் வாழ்க்கையிலேயே கடினமான ஓட்டம் அதுதான் என்று பிறகு சொன்னார். அண்ணனும் முன்பெல்லாம் நாகல் நகர் பாலத்திலிருந்தே விரட்டுவார். 1977இல், அந்தப் பேச்சுக்குப் பிறகு, போகும் பாதியை 25 நிமிடத்தில் மெதுவாக முடித்து, வரும் பாதியை விரட்ட ஆரம்பித்தார். அந்த வருஷம் செப்டம்பர் கடைசியில் நோட்டில் இருக்கிறது: எண் 7. புறப்பாடு 5.32. வரவு 6.21. 49 நிமிடம். பக்கத்தில் ‘கா’வுக்குக் கீழே இரண்டு கோடு. மாமாவிடம் போய்ச் சொன்னார். மாமா அராவிக்கொண்டிருந்த பூட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணனுக்கு ஏற்ற போட்டி அப்போது ஊரில் இல்லை. பொங்கலுக்கு மெது சைக்கிள் போட்டி வைப்பார்கள். கடைசியாக வருகிறவனுக்கு எவர்சில்வர் டம்ளர். 1948 லண்டன் ஒலிம்பிக்கிலேயே இந்திய சைக்கிள் வீரர்கள் கலந்துகொண்டார்கள் என்பதோ, மும்பையிலிருந்து புனேவுக்கு மலையேறிப் பந்தயம் ஓட்டுகிறார்கள் என்பதோ எங்கள் தெருவுக்குத் தெரியாது. டெல்லியில் 1982 ஆசிய விளையாட்டுக்காக யமுனா கரையில் கான்கிரீட் ஓடுதளம் கட்டியபோது பத்திரிகையில் படம் பார்த்தோம். பிரேக்கும் ப்ரீவீலும் இல்லாத சைக்கிளில், சுவர் மாதிரி சாய்ந்த தளத்தில் ஓட்டுகிறார்கள் என்று அண்ணன் அந்தப் படத்தை வெட்டிக் கடையில் ஒட்டினார். அப்போது அவருக்கு 25 வயது. மில் வேலைக்குப் போயிருந்தார்.

1985 செப்டம்பர் 15 அன்று மதுரையிலிருந்து பிரிந்து நாங்கள் தனி மாவட்டமானோம். அது அண்ணா பிறந்தநாள். மாவட்டத்துக்கும் முதலில் அண்ணா பெயர்தான். அதே பிறந்தநாளையொட்டித் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டம்தோறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அண்ணா மிதிவண்டிப் போட்டி நடத்துகிறது. 13, 15, 17 வயதுக்குட்பட்டவர்கள் என்று மூன்று பிரிவு. பந்தயத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: இந்தியாவில் தயாரான சாதாரண சைக்கிளாக இருக்க வேண்டும். கியர் வண்டி கூடாது.

இந்த நிபந்தனையைப் பழம்போக்கு என்று சிலர் சொல்கிறார்கள். நான் அதை முழு மனதாக ஆதரிக்கிறேன். 2001இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, 2005இல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் பிளஸ் ஒன் படிக்கிற எல்லாருக்கும் என்று விரிந்த விலையில்லா சைக்கிள் திட்டத்தில் ஒரு பெண் வாங்கிய வண்டியோடு போய்க் கோட்டில் நிற்கலாம். அப்பாவிடம் லட்ச ரூபாய் வண்டி இருக்கிற பையனும் அதே மாதிரி வண்டியில்தான் நிற்க வேண்டும். உலக சைக்கிள் சங்கமே ஒரு கட்டத்தில் இந்த இடத்துக்குத்தான் வந்தது. 1984க்குப் பிறகு ஒரு மணிச் சாதனை மனிதனுடையதா வண்டியுடையதா என்று தெரியாத நிலை வந்தபோது, 2000இல் பழைய மெர்க்ஸ் காலத்து வண்டியில்தான் ஓட்ட வேண்டும் என்று விதி வைத்தார்கள். அந்த விதியின்படி மான்செஸ்டரில் கிறிஸ் போர்ட்மன் ஓட்டியது 49.441. மெர்க்ஸைவிட வெறும் 10 மீட்டர். 28 வருஷத்தில் மனிதக் காலுக்குக் கூடியது 10 மீட்டர் என்று அன்று உலகம் பார்த்தது. அந்த விதியை 2014இல் தளர்த்திவிட்டார்கள்.

ஆனாலும் என் மனதுக்கு நெருக்கமானவர் கிரேம் ஓப்ரி. ஸ்காட்லாந்துக்காரர், கம்பெனி ஆதரவு இல்லாத அமெச்சூர். தன் வண்டியைத் தானே செய்தார். சலவை இயந்திரத்தின் பேரிங்கை எடுத்து அதில் பொருத்தினார். 1993 ஜூலையில் நார்வேயில் முதல் நாள் தோற்று, மறுநாள் காலையே மறுபடி ஏறி 51.596 கிலோமீட்டர் ஓட்டி, 1984இல் மோசர் என்பவர் படைத்த சாதனையை உடைத்தார். அவரைப் பற்றிப் படித்த அன்று எனக்கு மாமாவின் அரம்தான் ஞாபகம் வந்தது. மாமாவிடம் சொல்ல அவர் அப்போது இல்லை.

அண்ணா போட்டியில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பையன்களுக்கு 15, 20, 20 கிலோமீட்டர்; பெண் பிள்ளைகளுக்கு 10, 15, 15. ஏன் குறைக்க வேண்டும்? எங்கள் அக்காவுக்கு அப்பா பகலில் சைக்கிள் தரமாட்டார். கடை அடைத்த பிறகு, தெரு அடங்கியதும், நிலா வெளிச்சத்தில் அண்ணன் பின்னால் ஓடிவர அவள் கற்றுக்கொண்டாள். நோட்டில் அவள் பெயர் ஒரு தடவைகூட இல்லை. 1991, 92இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களை சைக்கிளில் ஏற்றியபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முயற்சியைப் பற்றி வந்த செய்தியை அக்கா வெட்டி வைத்துக்கொண்டாள். இங்கிலாந்தில் பெரில் பர்ட்டன் என்று ஒரு பெண்மணி. ருபார்ப் தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவர். கடைசிவரை அமெச்சூர். 1967இல் 12 மணி நேர ஓட்டத்தில் 277.25 மைல் ஓட்டினார். அன்றைக்கு ஓட்டிய ஆண்கள் எல்லாரையும்விட அதிகம். ஆண்களின் சாதனையே இரண்டு வருஷம் அவருக்குக் கீழேதான் இருந்தது. ஆண் வீரரைத் தாண்டிப் போகும்போது ஒரு மிட்டாயை நீட்டிவிட்டுப் போனார். நிலக்கோட்டைப் பக்கம் விடியற்காலையில் பூ மூட்டையோடு சைக்கிள் மிதிக்கிற பெண்ணுக்கு 20 கிலோமீட்டர் கூடுதல் என்று யார் சொல்வது?

1980இல் டிவிஎஸ் 50 வந்தது. பால்காரர் வாங்கினார், பூக்காரர் வாங்கினார். 1996இல் அப்பா கடையை மூடினார். இன்று ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹெல்மெட் போட்ட கூட்டம் நத்தம் ரோட்டில் சிறுமலைக்குத் திரும்பி 18 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்குகிறது. 2008இல் தொடங்கிய நீலகிரி சுற்றுக்குப் போய்வந்தவர்களும் அதில் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு தம்பி பெடலில் பவர் மீட்டர் வைத்திருக்கிறார். எத்தனை வாட் திறன் போகிறது என்று காட்டுமாம். “எல்லாப் பயிற்சியும் ஒரு நம்பரை வச்சுத்தான் சார். அதிகபட்சமா எவ்வளவு வாட்டை நம்மால ஒரு மணி நேரம் தாங்க முடியும்ங்கறதுதான் அந்த நம்பர்” என்று எனக்கு விளக்கினார். ஒரு மணி நேரம் என்று ஏன் வைத்தார்கள் என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். அவரை வீட்டுக்கு அழைத்துப் போய் அப்பாவின் நோட்டைக் காட்டினேன். வெகுநேரம் புரட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ‘கா’வையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்.

அண்ணனுக்கு இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை. அவருடைய பேத்தி எட்டாம் வகுப்பு படிக்கிறாள். இந்த செப்டம்பரில் 15 வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஓட்டப்போகிறாள். மதுரை ரோடு நாலு வழிச்சாலையாகி, புளிய மரங்களும் போய், அதில் பிள்ளையை விட முடியாது. நத்தம் ரோட்டில் விடியற்காலை பயிற்சி. மீட்டர் 12 கிலோமீட்டர் காட்டுகிற இடத்தில் திரும்பி வருவாள். போட்டி 15தானே, இவ்வளவு எதற்கு என்று அவள் அம்மா கேட்டதற்கு அண்ணன், “ஒரு மணி நேரம் தாங்கணும்மா” என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் கிளம்புவதற்கு முன் அண்ணன் வண்டியைச் சாய்த்துப் பிடித்துப் பெடலைச் சுற்றிவிட்டார். ‘டக்’ என்றது. என்னைப் பார்த்தார். வீட்டிலிருந்து மாமாவின் நைஸ் அரத்தை எடுத்து வந்தேன். பின்னைத் தட்டி எடுத்து, வெளிச்சத்தில் பார்த்து, மினுங்குகிற இடத்தை மட்டும் இரண்டு இழுப்பு. கை நடுங்கியது, ஆனால் பின் உட்கார்ந்துவிட்டது. 1977 நோட்டில் கடைசியில் சில வெற்றுப் பக்கங்கள் உண்டு. அதில் கோடு போட்டு நான் எழுதினேன். எண் 1. புறப்பாடு 5.44. பிள்ளை முதல் வளைவு வரை இழுத்து மிதித்ததைப் பார்த்துவிட்டு அண்ணன், “மெதுவா, மெதுவா, கடன் வாங்காத” என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தார்.

வரவு 6.38.